அவசர மருத்துவமும் நம் இல்லத்து நோயாளிகளும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் மருத்துவத்தைப் பற்றிப் பேச ஒரு பள்ளி ஆசிரியன் வந்து நிற்கின்றானே என்று சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன், பி.ஏ., பி.எட். படித்தவன். மருத்துவர் நமக்குக் கூறவேண்டியவற்றை மருத்துவரே கூறட்டும். ஆனால் மருத்துவரிடம் நாம் கூறவேண்டியவை என்று சில உண்டு. அவற்றைக் காலத்தே, பிழையின்றி, சுருக்கமாகக் கூறுவதற்கு எழுத்தறிவு வேண்டும். ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே ஆகும்.

நமக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டியைப் பாருங்கள். அங்கே தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கின்றது. கடல் கடந்தும் செல்கின்றது. எங்கோ ஓர் ஊரில் ஒருவருக்குக் காயம் பட்டால் அதன்மேல் சுற்றப்படும் துணியில் நம் வட்டாரத்தாரின் உழைப்பும் இருக்கின்றது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் வாழும் நாம், நம் வீட்டில் ஒருவர் நள்ளிரவில் மயங்கி விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டி எண்ணி வைத்திருக்கின்றோமா? அதிலும், ஏற்கெனவே ஒரு நோயோ குறைபாடோ உள்ளவர்க்கு அவசரம் நேர்ந்தால்?

காலை வேளையில் நம் தெருக்களில் ஒருமுறை மெல்ல நடந்து பாருங்கள். மூளை முடக்குவாதத்தால் கைகால் இறுகிய குழந்தை திண்ணையில் படுத்திருக்கும். வலிப்பு நோய்க்கு நாள் தவறாமல் மாத்திரை விழுங்கும் சிறுவன் பள்ளிக்குப் புறப்பட்டுக் கொண்டிருப்பான். பஞ்சாலைத் தூசியை முப்பது ஆண்டுகள் மூச்சில் வாங்கிய முதியவர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்தபடியே உறங்கிக் கொண்டிருப்பார். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த கொத்தனார் ஒருவர் இருப்பார். சிறுநீரகம் பழுதுபட்டு வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போய்வருபவர் ஒருவர் இருப்பார். காது கேளாத, வாய் பேசாத பெண் ஒருத்தி குழாயடியில் குடத்துடன் நிற்பாள். இவர்களைத்தான் தனிக்கவனம் வேண்டும் நோயாளிகள் என்கின்றோம்.

மற்றவர்க்கு அவசரம் நேர்ந்தால் மருத்துவமனையில் பொதுவிதிப்படி சிகிச்சை தொடங்கிவிடலாம். இவர்களுக்கோ ஒவ்வொருவர்க்கும் ஒரு தனிவிதி உண்டு. அத்தனிவிதியை முதல்முறை பார்க்கும் மருத்துவர் அறியமாட்டார். அதை அறிந்தவர்கள் தாயும் பாட்டியும் மனைவியுமே. அவர்கள் அறிந்தது மருத்துவரின் காதை எட்டும் வரை சிகிச்சை இருட்டில் நடக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கின்றேன். என் பழைய மாணவன் ஒருவனின் தம்பி, ஆறு வயதுச் சிறுவன், பேச்சு வராதவன், வலிப்பு உள்ளவன். ஒரு நள்ளிரவில் அவனுக்கு வலிப்பு வந்து நிற்கவில்லை. தாய் ஆலையில் இரவு ஷிப்டில் இருந்தார். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக இயலாது. தந்தை வெளியூரில். பாட்டிதான் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார். என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளை மாத்திரை என்றார். எத்தனை மில்லிகிராம்? பாதி மாத்திரை. எடை என்ன? தெரியாது. கடைசியாக எங்கே காட்டினீர்கள்? மதுரையில் பெரிய ஆசுபத்திரியில். எந்த மருத்துவரிடம்? தெரியாது. “படித்த ஆள் யாரும் கூட வரவில்லையா?” என்று அங்கிருந்த ஒருவர் சலித்துக் கொண்டார். விடியற்காலையில் தாய் ஆலையிலிருந்து ஓடிவந்து, சேலை மடிப்புக்குள் வைத்திருந்த பழைய மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டிய பிறகே சிகிச்சை நேர்வழிக்கு வந்தது. சிறுவன் பிழைத்துக் கொண்டான்.

மறுநாள் மாலை அந்தப் பாட்டி என்னிடம் கூறிய சொற்கள் இன்றும் என் காதில் இருக்கின்றன. “வாத்தியாரய்யா, எனக்குத் தெரிஞ்சத அவுக கேக்கல, அவுக கேட்டது எனக்குத் தெரியல” என்றார். அவருக்குத் தெரிந்தது எவ்வளவு தெரியுமா? அவனுக்கு வலிப்பு முதலில் இடப்பக்க உதட்டோரத்தில் தொடங்கும். காய்ச்சல் கண்டால் அன்றிரவே வரும். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். நின்றபின் ஒரு மணி நேரம் உறங்குவான். வலி என்றால் அழமாட்டான், வலக்கையைக் கடிப்பான். ஒரு மருத்துவர்க்கு இதைவிட என்ன வேண்டும்? எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியின் அறிவு மருத்துவமனை வாசலைத் தாண்டி உள்ளே செல்லவில்லை.

இனி, அத்தனிவிதிகள் எத்தகையவை என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுகின்றேன். இவை மருத்துவர்கள் பொதுவாக வலியுறுத்தும் செய்திகளே. என் சொந்தச் சரக்கு அன்று.

வலிப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பல்லிடையே கரண்டியைச் செருகுவதோ தண்ணீர் ஊற்றுவதோ பெருந்தீங்கு. கூர்மையான பொருள்களை அகற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்கவில்லையென்றாலும், நினைவு திரும்புமுன் மறுமுறை வந்தாலும் உடனே 108-ஐ அழைக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வது ஏன்? பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். எத்தனை நிமிடம் என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கு ஒரு கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா அமைத்திருப்பார்கள். தொட்டுப் பார்த்தால் அங்கே ஒரு துடிப்பதிர்வு தெரியும். அந்தக் கையில் பி.பி. பார்க்கலாகாது, ஊசி போடலாகாது, இரத்தம் எடுக்கலாகாது. அது கெட்டால் அவர்க்கு அடுத்த டயாலிசிஸே சிக்கலாகிவிடும். மயங்கிக் கிடக்கும்போது அவர் தாமே எப்படிச் சொல்வார்? இன்னொன்று: நோயாளியைப் பார்க்க வருவோர் அன்பினால் இளநீரும் பழமும் வாங்கி வருகின்றார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். டயாலிசிஸ் ஒரு முறை தவறிப்போய், அவர்க்கு மூச்சுத் திணறலோ கைகால் தளர்ச்சியோ வந்தால், “டயாலிசிஸ் தவறிவிட்டது” என்பதே மருத்துவமனையில் நம் வாயிலிருந்து வரவேண்டிய முதற்சொல்லாகும்.

இரத்தம் உறையாத நோய், அதாவது ஹீமோஃபிலியா உள்ள சிறுவன் விளையாடும்போது தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லை என்று வீட்டிலேயே வைத்திருக்கலாகாது. உள்ளே கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியாது. இரத்தம் உறையச் செய்யும் ஃபேக்டர் மருந்தை முதலில் ஏற்றிவிட்டு, பிறகே ஸ்கேன் முதலியவற்றைப் பார்க்கவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அம்மருந்து இலவசமாகவே தரப்படுகின்றது. அச்சிறுவனுக்குத் தசையில் ஊசி போடலாகாது. ஆஸ்பிரின் கலந்த வலி மாத்திரையும் கூடாது. இதே எச்சரிக்கை, இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்க்கும் ஏறக்குறையப் பொருந்தும். சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குச் சரியான சிகிச்சை கிட்டாமல் பின்னாளில் வால்வு கெட்டுப்போகும் வாதக் காய்ச்சல் நோய் ஏழைகளின் நோய் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நம் தெருக்களில் அத்தகையோர் இருக்கின்றார்கள்.

காது கேளாதவரைப் பற்றி ஒரு சொல். அவருக்குக் கைகளே நாவு. இரு கைகளிலும் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றிக் கட்டிவைத்தால் அவர் வாயைக் கட்டியதற்கு ஒப்பாகும். எழுதும் கையை, சைகை செய்யும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில் ஊசி போடச் சொல்லுங்கள். முகக்கவசம் அணிந்து பேசினால் அவர் உதட்டசைவைக் காணமுடியாது. பார்வையற்றவரையோ, தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடவேண்டும். திடீரென்று ஊசி குத்துவது கொடுமை.

முதுகுத்தண்டு அடிபட்டவர்க்கு வேறொரு சிக்கல். உணர்வில்லாத பகுதியில் வலி தெரியாது, சுட்டாலும் தெரியாது. வயிற்றுக்குள் பெரிய கேடு நேர்ந்தாலும் வலிக்கின்றது என்று அவர் சொல்லமாட்டார். தண்டின் மேற்பகுதியில் அடிபட்டவர்க்குத் திடீரெனத் தலை பிளப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, வியர்த்து, இரத்த அழுத்தம் ஏறினால், சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கின்றதா என்று முதலில் பார்க்கவேண்டும். பல வேளைகளில் அடைப்பை நீக்கினாலே அழுத்தம் இறங்கிவிடும். இதை அறியாதவர் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-இல் அவர்க்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வாய்ப்பும் கவனிப்பும் கிட்டினால் அத்தகைய ஒருவர் எத்தனை ஆயிரம் பேருக்கு நிழல் தரமுடியும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று இருக்கின்றது.

எல்லாவற்றிலும் கடினமானது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவரின் நோயை அறிவதே. அவர் முரண்டு பிடித்தால், சாப்பிட மறுத்தால், தலையைச் சுவரில் மோதினால், “அவன் அப்படித்தான்” என்று சொல்லிவிடுவது எளிது. பல்வலியாக இருக்கலாம், குடல் அடைப்பாக இருக்கலாம். இங்கிலாந்து நாட்டில், இத்தகைய ஆறு பேர் மருத்துவமனைகளில் உரிய கவனிப்பின்றி இறந்ததைப் பற்றி மென்காப் என்னும் அமைப்பு 2007-இல் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டையே அது உலுக்கியது. செல்வம் மிகுந்த நாட்டிலேயே அந்நிலை. எனவே “இவனுடைய வழக்கமான நிலை இது, இன்று இருப்பது இது” என்று வேறுபடுத்திச் சொல்லவல்லவர் ஒருவர் உடனிருப்பது, ஒரு மருந்துக்குச் சமம்.

இதுவரை கூறியவை எல்லாச் சமுதாயத்தார்க்கும் பொது. நமக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க இயலாது.

அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு கடிதத்தைச் சேர்த்திருக்கின்றார். 1929 டிசம்பர் 12-ஆம் நாள் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ இதழில் வந்த கடிதம் அது. எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர், தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தினர். அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயுற்றார்; மூச்சுவிடத் திணறினார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்கு ஒருவர் பொறுப்பேற்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கின்றேன் என்றார். பச்சை உடம்புக்காரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவர் வெப்பமானியைத் தாமே வைக்கவில்லை. ஓர் இசுலாமியரிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்தார். வந்த வழியே அது திரும்பிப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து, நிமோனியா என்று கூறி மருந்து அனுப்பினார் மருத்துவர். அப்பெண் இறந்துபோனார்.

இளைஞர்களே, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் மூச்சுத் திணறும் பெண்ணைவிடத் தனிக்கவனம் வேண்டும் நோயாளி வேறு யார்? அம்மருத்துவரிடம் அறிவு இருந்தது. நோயின் பெயரைச் சொல்லவும் தெரிந்தது. கை மட்டும் நீளவில்லை. கணவரோ படித்தவர். அவர் எழுத்தால்தான் அக்கொடுமையை உலகம் அறிந்தது. ஆயினும் அந்த எழுத்து மனைவி மறைந்த பின்னரே பயன்பட்டது.

அந்நிலை இன்று அப்படியே இருக்கின்றது என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் பொய்யாகும். இன்று நம் சமுதாயத்திலிருந்தே மருத்துவர்கள், செவிலியர்கள் வந்துவிட்டார்கள். நம் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருக்கின்றார்கள். ஆனால் எந்தத் தெரு என்று கேட்டவுடன் குரல் மாறுவதை இங்கே அமர்ந்திருப்போரில் பலர் கேட்டிருக்கின்றீர்கள். அழுக்குச் சேலையோடு நிற்கும் தாயின் சொல்லுக்கு எடை குறைவு என்பதையும் பார்த்திருக்கின்றீர்கள்.

இதற்குச் சட்டம் நம் பக்கம் இருக்கின்றது. விபத்தில் அடிபட்டு வந்தவரைப் போலீசு நடைமுறை முடியட்டும் என்று காக்கவைக்கலாகாது, உயிரைக் காப்பதே அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் எல்லோர்க்கும் முதற்கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் கூறியது. மேற்கு வங்கத்தில் விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினரான ஹக்கீம் ஷேக் என்பவர் 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒரு மருத்துவமனையில் வசதியில்லை, மற்றொன்றில் படுக்கையில்லை என்று அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கும் அலைந்து, முடிவில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சேர்ந்தார். அவரும் அவர் சங்கமும் தொடுத்த வழக்கில், அவசர சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் அளிக்கப்பட்டது. ஒரு தொழிலாளர் சங்கம் முயன்று நாடு முழுமைக்கும் பெற்றுத் தந்த உரிமை அது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை இருபத்தொன்றாக விரித்தது. ஹீமோஃபிலியாவும் அதில் உண்டு. அதன் 25-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளைப் பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரவேண்டும் என்கின்றது. டோக்கன் வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்று கேட்பது சலுகை கேட்பதன்று. மேலும், பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குள்ளோ நுழையவிடாமல் தடுப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இவற்றை அறிந்திருங்கள். ஆனால் நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் சட்டம் பேசி வாதிட நேரமிராது. அந்நேரத்தில் கையில் இருக்கவேண்டியது வேறொன்று.

அமெரிக்க நாட்டில் குழந்தை மருத்துவர் சங்கமும் அவசர மருத்துவர் சங்கமும் 1999-இல் சேர்ந்து ஒரு வழி சொன்னார்கள். தனிக்கவனம் வேண்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தகவல் படிவத்தை எழுதி, வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவரிடமும் வைத்திருங்கள் என்பதே அது. மிகவும் எளிய வழி. விலை ஒரு தாளும் சிறிது மையும். இந்த வழியைத்தான் நம் சங்கம் தன் கையில் எடுக்கவேண்டும் என்று இந்த அவையில் வேண்டிக்கொள்கின்றேன்.

அத்தாளில் என்ன எழுதவேண்டும்? பெயர், வீட்டில் கூப்பிடும் பெயரும் வேண்டும், மயக்கத்திலிருக்கும் குழந்தை அதற்குத்தான் கண்விழிக்கும். வயது. எடை, எடை பார்த்த தேதியுடன். குழந்தைகளுக்கு மருந்தளவு எடையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. நோயின் பெயர், செய்த அறுவைகள், உடலுக்குள் வைத்திருக்கும் கருவிகள். உண்ணும் மருந்துகளின் பெயரும் அளவும் வேளையும். ஒவ்வாத மருந்து. செய்யக்கூடாதவை; அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். வழக்கமான நிலை: நடப்பாரா, பேசுவாரா, எப்படி உண்பார், வலியை எப்படிக் காட்டுவார். எங்கே சிகிச்சை பெறுகின்றார், எந்தக் கிழமை. இருவருடைய தொலைபேசி எண். அவர்களில் ஒருவர் இரவு ஷிப்டில் இல்லாதவராக இருக்கட்டும். ஆலைக்குள் இருக்கும் தாயை அழைப்பதற்கு வாயிற்காப்பாளர் அறையின் எண்ணையும் எழுதுங்கள்.

மருந்தின் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். மாத்திரை அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, பெரிய எழுத்தில் அப்படியே படியெடுங்கள். பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளைக்கு இது முடியாத வேலையன்று. எழுதியதைச் செவிலியரிடமோ சிகிச்சை தரும் மருத்துவரிடமோ காட்டிச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்த பணியாளர்களைப் பார்த்திருப்பீர்கள். அத்தகையோர் வரும் நாளே இதற்கு உகந்த நாள். மருந்து மாறினால் தாளும் மாறவேண்டும். பழைய தாள், தாளே இல்லாததைவிடத் தீங்கு செய்யக்கூடும்.

சாதி என்றொரு கட்டம் அத்தாளில் வேண்டியதில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் அக்கட்டத்தை நிரப்பி நிரப்பி நம் கை பழகிவிட்டது. சலுகைக்கு அது வேண்டும், இரத்தத்திற்கு வேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கை. எழுதப்போகும் இளைஞர்கள் பிறர் வீட்டு நோய்களை அறியப் போகின்றீர்கள். மனநோய் இருக்கும், காசநோய் இருக்கும், வெளியில் சொல்லக் கூசும் நோயும் இருக்கும். நோயாளியின் சம்மதமின்றி ஒரு வரியும் எழுதலாகாது. எழுதியதைத் தேநீர்க் கடையில் பேசலாகாது. ரகசியம் காக்க இயலாதவர் இப்பணிக்கு வரவேண்டா. தாளைச் சுவரில் ஒட்டவும் வேண்டா. ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒன்று. பிள்ளையாயின் பள்ளிப் பையில் ஒன்று. நம்பிக்கையான அண்டை வீட்டில் ஒன்று. போதும்.

இனி 108 வண்டியைப் பற்றி. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய அச்சேவை, நம் போன்றோர்க்குக் கிட்டிய பெரும் பேறு. ஆட்டோவுக்குப் பணம் தேடி விடியும் வரை காத்திருந்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் அழைக்கும்போது இடத்தைச் சொல்லத் தெரியவேண்டும். “அம்பேத்கர் நகர்” என்று மட்டும் சொன்னால் எந்த அம்பேத்கர் நகர்? இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலேயே அப்பெயரில் எத்தனை தெருக்கள்! அண்ணல்மீது நமக்குள்ள அன்பு, வண்டியோட்டிக்குக் குழப்பமாகிவிடக் கூடாது. எந்தச் சாலை, எந்த ஆலைக்கு எதிரே, எந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று இரண்டு வரியில் எழுதி அதையும் அத்தாளின் தலைப்பில் வையுங்கள். சந்துக்குள் வண்டி நுழையாதென்றால் எந்த முனையில் வந்து நிற்கவேண்டும், அதுவரை நோயாளியை யார் தூக்கிவருவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள். ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்போர்க்கு மாற்றுவழி எதுவென்றும் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியில் ஏறியதும் அத்தாளை அதிலுள்ள மருத்துவ உதவியாளரிடம் கொடுங்கள். எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதையே அது மாற்றக்கூடும். இராஜபாளையத்திலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கப்பட்டபின் அத்தொலைவு ஓரளவு குறைந்திருக்கின்றது. எனினும் தேவையான வசதி இல்லாத இடத்திற்குப் போய்த் திரும்புவதில் ஒரு மணி நேரம் கழிந்தால், அந்த ஒரு மணி நேரத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

அந்தப் பாட்டியின் சொல்லுக்குக் கொடுக்காத மதிப்பை ஒரு தாளுக்குக் கொடுக்கின்றார்களே, இது நியாயமா என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமன்று. தாய் சொல்லும் சொல்லே போதுமானதாக இருக்கவேண்டும். அந்நாள் வருவதற்காக நீங்கள் படித்து மருத்துவர்களாகுங்கள், செவிலியர்களாகுங்கள், முன்மேசையில் அமருங்கள். அதுவரை இன்றிரவு நோயுறும் குழந்தை காத்திருக்க முடியாதல்லவா? ஆகவே தாளை எழுதுவோம்.

மாதிரித் தாள்கள் நூறு அச்சிட்டுச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சங்கக் கட்டடத்திற்கு வாருங்கள். இருவர் இருவராகச் செல்வோம். ஒருவர் ஆணாயின் மற்றவர் பெண்ணாக இருப்பது நல்லது, தாய்மார்கள் தயங்காமல் பேசுவார்கள். வடக்குத் தெருவில் தொடங்கி, ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவோம். கறுப்பு மைப் பேனா ஒன்றும் சிவப்பு மைப் பேனா ஒன்றும் கொண்டுவாருங்கள். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை யாரும் குப்பையில் எறிந்துவிட வேண்டாமென்று இன்றிரவே உங்கள் தெருவில் சொல்லி வையுங்கள்.